மூக்கின் மேல் படர்ந்த சிவப்பு

பிப்ரவரி 11, 2024
மிளகு பறிக்கும்போது அண்ணன் பூபதி கிண்டல் செய்தான். "ஏன் கோகிலா, கன்னத்துக்குச் சாயம் பூசிட்டு யாரப் பாக்க வந்த?" வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தேன். பூங்கொடி அக்கா நின்றாள். மூக்கின் இருபுறமும் அதே சிவப்பு. அவள் செத்து ஆறு வருடம்.

பிப்ரவரி 19
சேலத்து மருத்துவர் பெயர் சொன்னார்: லூபஸ். சிறுநீரகத்துக்கு இன்னும் போகவில்லை, மாத்திரையை மட்டும் விடக்கூடாதாம். அவர் விளக்கியபடி, நம் உடம்பின் காவல் செல்களில் ஏற்பிகள் உண்டு. கிருமியின் துண்டு கிடைத்தால் கூச்சல் போடுவது அவற்றின் வேலை. வெயிலில் என் தோல் செல்கள் சாகின்றன. அந்தச் சிதறலைக் கிருமி என்று என் ஏற்பிகள் நம்பிவிடுகின்றன. படை வருகிறது, தோல் எரிகிறது.
மலையேறித் திரும்பும்போது கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க இதே நினைப்பு. என்னில் செத்துப்போனதே என்னைத் துரத்துகிறது.

பிப்ரவரி 22
அம்மா வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள். "ஆத்தா வந்திருக்கறா கண்ணு. இப்ப மாத்திர தின்னா கோவிச்சுக்குவா. எறங்கட்டும்." குழம்பில் தாளிப்பு இல்லை. மாத்திரை அட்டையைக் காணோம். அக்காவுக்கும் இப்படித்தான் மருந்தை நிறுத்தினாள்.

பிப்ரவரி 23
இது ஆத்தா இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்ன மறுநொடி அக்காவை நினைப்பாளே? அதன்பிறகு எப்படித் தூங்குவாள்? சொல்லாவிட்டால் - நான்?

பிப்ரவரி 27
கால் வீங்கிருச்சு. அக்காவுக்கும் கடைசியில கால்தான். பயமா இருக்கு.

பிப்ரவரி 28
சொன்னேன். "ஆத்தா வந்தா எறங்கிப் போயிருவா. இது வெயில் பட்டாத் திரும்பத் திரும்ப வருதும்மா. என்ற ஒடம்பே என்னய அடிக்குது." காலைக் காட்டினேன். விரலால் அமுக்கினாள். குழி விழுந்தது. அது மேலே எழும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அரிசிப் பானைக்குள் கைவிட்டு மாத்திரை அட்டையை எடுத்தாள்.
"அப்ப பூங்கொடிக்கு?"
"அவளுக்கு வேற நோவும்மா."
நம்பினாளா?

மார்ச் 1
மறுபடி சேலம். சிறுநீரில் புரதம் போகிறதாம், நோய் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டதாம். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். இன்னும் காலம் கடந்துவிடவில்லை என்றார் மருத்துவர். அம்மா தலைகுனிந்தே இருந்தாள்.

ஏப்ரல் 7
வீக்கம் வடிந்தது. சிவப்பு மங்குகிறது. பகலில் காட்டுக்குப் போக எனக்கு அனுமதி இல்லை. காலையில் அம்மா தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து, விழுங்கும்வரை எதிரில் நின்றாள்.
"தின்னுட்டயா பூங்கொடி?"
"தின்னுட்டேம்மா" என்றேன்.