சாட்டிய பிறகு ஊர் தாண்டுகிறேன்

இன்று காலை புதுப் பெட்டியைக் கூடத்தில் திறந்து போட்டேன். உள்ளேயிருந்து ரப்பர் நாற்றம் குப்பென்று வந்தது. அதைப் போக்கலாமென்று சன்னலைத் திறந்தால் தெருவிலிருந்து வேப்பங்குழை வாசம். கம்பத்துக்குக் கம்பம் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையே கோயிலில் பங்குனிப் பொங்கலை அறிவித்துச் சாட்டியாகிவிட்டது. இனி பொங்கல் முடிகிறவரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. எனக்கு வெள்ளிக்கிழமை விமானம். ரப்பரும் வேப்பங்குழையும் ஒரே அறையில் மணந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

அம்மா சிரிக்கவில்லை. "வருசம் பூரா காலண்டர் போடுற ஆபீசுல வேலை பாக்கிற. ஊருக்கெல்லாம் நல்ல நாள் அச்சடிச்சுக் குடுக்கிற. ஒனக்கு ஒரு நாள் பாக்கத் தெரியலையாக்கும்?" என்றாள். ஜெர்மனியில் அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனிக்காரன் வேலைக்குச் சேரச் சொன்ன தேதி அது, அவனுக்கு நம் ஊர்ச் சாட்டைப் பற்றி என்ன தெரியும் என்றேன். "அவனுக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும்ல?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

போவதா, இருப்பதா என்ற சண்டையை நாம் எத்தனை வருடம் போட்டோம்! பெரும்பாலும் விருதுநகர் பரோட்டாக் கடையில்தான். சனிக்கிழமை சாயங்காலம் அச்சாபீஸ் வாசலில் நான் நிற்பேன். நீ பட்டாசுக் கம்பெனி ஆபீசிலிருந்து ஸ்கூட்டரில் வருவாய். வடக்கே இருக்கிற வியாபாரிகளைப் பகல் முழுக்கப் போனில் அரைகுறை இந்தியில் அதட்டி ஆர்டர் எடுத்திருப்பாய், தொண்டை கட்டிப்போயிருக்கும். கடைக்குள் நுழைந்ததும் பரிமாறுகிறவர் திரை போட்ட அறையைக் கைகாட்டுவார்.

"பேமிலி ரூமு அங்கன இருக்குக்கா."

"நாங்க பேமிலி இல்லையேண்ணே. பசிச்சு வந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு, நடுக்கூடத்து மேசையில் போய் உட்காருவாய். ஆண்கள் அத்தனை பேரும் எண்ணெய்ப் பரோட்டாவைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டு நம்மைப் பார்ப்பார்கள். எனக்கு முதுகு கூசும். உனக்கு அப்போதுதான் பசியே எடுக்கும். சால்னா இன்னும் ஒரு கரண்டி கேட்பாய்.

ஒரு மழை நாளில் என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் தன் வண்டியில் என்னைக் கொண்டுவந்து வீட்டில் விட்டார். மறுநாள் விடிவதற்குள் அது அம்மாவின் காதுக்கு மூன்று பேர் வழியாக வந்துவிட்டது. அந்த வாரம் பரோட்டாக் கடையில் நான் கொதித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஒரு ஊரு வேணும்டி. எப்ப வந்தேன், யாரு வண்டில எறங்குனேன், ஏன் இன்னும் கல்யாணம் ஆகலைன்னு ஒருத்தரும் கேக்காத ஊரு."

"ஒண்ணும் கேக்காத ஊருல நீ செத்தாலும் கேக்கமாட்டாக."

"பரவாயில்ல. உசுரோட இருக்கும்போது விட்டாப் போதும்."

"அவுகளா விடமாட்டாக. நீ எடத்தை விட்டு அசையாம நின்னாத்தான் வெலகுவாக" என்று சொல்லிவிட்டு என் இலையிலிருந்த பரோட்டாவையும் எடுத்துக்கொண்டாய்.

எனக்கு எரிச்சலாக வரும். பேச்சோடு நிறுத்திக்கொள்கிறவளாக இருந்தால்கூடப் போகிறது என்று விட்டிருப்பேன். நீ செய்துவேறு காட்டினாய். வேலைக்குப் போகக் கூடாது, போன் வைத்திருக்கக் கூடாது என்ற புருஷனை விட்டுவிட்டு வருகிறவர்கள் திருப்பூருக்கோ சென்னைக்கோ போவார்கள். நீ நேரே உன் தெருவுக்கே வந்தாய். அப்பா அம்மா போன பிறகு பூட்டிக் கிடந்த உங்கள் வீட்டைத் திறந்து, வெள்ளையடித்து, ஒற்றையாளாகக் குடியேறினாய். ஒரு மாதம் ஊரே உன் வாசலுக்கு எதிரே வந்துதான் பல் விளக்கியது.

அதோடு விட்டாயா? தலைக்கட்டு வரி கட்டப்போகிறேன் என்று கிளம்பினாய். கல்யாணமான ஆண் இருக்கிற வீடுதான் நம் ஊரில் ஒரு தலைக்கட்டு. அவர்களிடம்தான் கோயில் வரி வாங்குவார்கள். பொங்கலன்று பிரசாதத் தட்டு அந்த வீடுகளுக்குத்தான் போகும். ஊர்க்கூட்டத்தில் பேச்சும் அவர்களுக்குத்தான். ஆண் இல்லாத வீடு கணக்கில் வராது. என் அப்பா இறந்த வருடமே எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். அம்மா குளித்துவிட்டு, வாசலில் கோலம் போட்டுக் காத்திருந்தாள். தட்டு எதிர்வீட்டுக்குப் போனது. வெளிநாட்டு வேலைக்கு நான் முதன்முதலில் விண்ணப்பம் போட்டது அன்றைக்குத்தான்.

நீ விண்ணப்பம் போடவில்லை. வரியை எடுத்துக்கொண்டு கோயில் கமிட்டிக்குப் போனாய். உலகத்தில் வரி கட்டாதவனைத்தான் விரட்டுவார்கள். கட்ட வந்தவளை விரட்டியது நம் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும். "பொம்பளைகிட்ட வரி வாங்குற வழக்கம் இல்ல தாயி" என்று தலைவர் கும்பிட்டு அனுப்பிவைத்தார். மறுவருடமும் போய் நின்றாய். "ஒங்க சித்தப்பா மகன் பேருல எழுதிக்கிடுவமா?" என்று இறங்கிவந்தார். "எங்க வீட்டுல அவனுக்கு என்ன சோலி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாய்.

கோயில் வாசலைக்கூட மிதிக்காத உனக்கு எதற்கு இந்த வரி என்று நான் கேட்டேன். "எனக்கும் சாமிக்கும் ஒரு பஞ்சாயத்தும் இல்லடி. எனக்கும் ஊருக்கும்தான்" என்றாய்.

போன பங்குனியில் நீ செய்ததை இன்றைக்கும் டீக்கடையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். சாட்டிய மறுநாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கோயில் வாசல் வழியாகவே நடந்தாய். கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் "மதுரைக்குப் போறேன், ராத்தங்கித்தான் வருவேன்" என்று அறிவித்துவிட்டு பஸ் ஏறினாய். மறுநாள் அதே கோயில் முன்னால் வந்து இறங்கினாய். சாயங்காலமே ஊர் கூடிவிட்டது.

"ஏம்மா, படிச்ச புள்ள நீயி. சாட்டுன பெறகு வெளியூர்ல ராத்தங்கலாமா?" என்றார் தலைவர்.

"ஊர்க்காரகதான தங்கக் கூடாது அண்ணாச்சி?"

"ஆமா."

"நான்தான் ஒங்க கணக்குலயே இல்லையே. வரி வாங்கும்போது இல்லாத தலை, ராத்தங்கும்போது மட்டும் எங்கன இருந்து மொளைச்சுச்சு?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "வாய்க்கொழுப்பப் பாரு! போடுங்கய்யா இவளுக்குத் தெண்டம்!" என்று கத்தினார். அவர் செய்த தப்பு அதுதான். நீ தெண்டப் பணத்தை அங்கேயே தட்டில் வைத்தாய், கோயில் கணக்கர் அதை எடுத்து உண்டியலில் போடுகிறவரை பொறுமையாக நின்றாய். போட்டதும் கேட்டாய்.

"ஊர்க்கட்டுப்பாட்டை மீறுன ஊர்க்காரகளுக்குத்தான் தெண்டம். அசலூர்க்காரகளுக்கு உண்டுமா அண்ணாச்சி?"

எல்லாரும் உண்டியலைப் பார்த்தார்கள். உண்டியலில் விழுந்ததைத் திருப்பி எடுக்கும் வழக்கம் கிடையாது.

"அப்ப நானும் ஊருதான். இந்தாங்க வரி. என் பேருல எழுதுங்க."

எழுதினார்கள். வேறு வழியில்லாமல்தான் எழுதினார்கள், ஆனாலும் எழுதினார்கள். அந்தப் பொங்கலுக்கு உன் வீட்டு வாசலுக்குத் தட்டு வந்தது. என்னையும் அம்மாவையும் கூப்பிட்டு அதைப் பங்குவைத்தாய். ஒரு வாய் தின்றுவிட்டு, "இம்புட்டுச் சண்டை போட்டு வாங்குனா இனிப்புப் பத்தலையேடி" என்று குறை சொன்னாய். குறை சொல்லும்போது உன் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

அந்த ஒரு பொங்கல்தான் உனக்கு. தீபாவளி சீசன் முடிந்ததும் வயிற்றுவலி என்று மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாய். சீசன் முடியட்டும் என்று வலியை நீ எத்தனை மாதம் தள்ளிப்போட்டிருந்தாயோ, தெரியாது. நோய் முற்றிவிட்டது என்றார்கள். தை பிறந்தபோது நீ இல்லை.

எனக்கு உன்மேல் ஆத்திரம். இப்போதும் அது அடங்கவில்லை. ஒரு தட்டுப் பொங்கலுக்கு மூன்று பங்குனி! அந்த மூன்று வருடத்தில் எங்காவது போய், யாருக்கும் பதில் சொல்லாமல், மத்தியானம்வரை தூங்கி எழுந்து நிம்மதியாக இருந்திருக்கலாமே என்று உன் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னேன். "நிம்மதியா இருந்தா எனக்குப் பொழுது போகாதுடி" என்றாய். உனக்குச் சண்டை பிடிக்கும், எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று தோன்றுகிறது: பிடித்ததற்காகவா யாராவது தன் ஊரோடு சண்டை போடுவார்கள்? இன்று காலையிலிருந்து துணியைப் பெட்டியில் வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறேன். கம்பளி உடுப்பை மட்டும் நாலு தடவை மடித்துவிட்டேன். இந்தச் சிவகாசி வெயிலில் அதைத் தொட்டாலே வியர்க்கிறது.

அப்படி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் கமிட்டியிலிருந்து வரி வசூலுக்கு ஆள் வந்தார். வழக்கம்போல் எதிர்வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். எங்கள் வாசலில் நின்றார்.

"இந்த வருசத்துல இருந்து எல்லா வீட்டுலயும் வாங்கச் சொல்லிட்டாக மதினி. அந்தப் புள்ளைக்கு எழுதியாச்சு. இனி மத்தவகளுக்கு மாட்டோம்னு எப்படிச் சொல்ல?" என்றார் அம்மாவிடம்.

அந்தப் புள்ளை என்றால் நீ. உன் பெயரைச் சொல்லாமல் சொன்னார். அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"யாரு பேருல எழுத மதினி?"

அம்மா திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எம் மக பேருல எழுதுங்க" என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. என் பெயரில் எழுதினால் நான் தலைக்கட்டு. தலைக்கட்டு என்றால் சாட்டு எனக்கும்தான். நீ போட்ட அதே கணக்கு! ஊரைக் கட்டிப்போட நீ திரித்த கயிற்றை எடுத்து அம்மா என் காலில் போட்டுவிட்டாள். நான் சிரித்துவிட்டேன். அழுகையும் வந்தது.

"வெள்ளிக்கிழமை நான் போறேனே அண்ணாச்சி" என்றேன்.

"சாட்டியாச்சேம்மா. வெளிய ராத்தங்குனாத் தெண்டம் விழுமே" என்றார் அவர், பெயரை எழுதிக்கொண்டே. அவர் குரலில் அதட்டல் இல்லை. ஊர்க்காரி ஒருத்தியிடம் ஊர்ச் சேதி சொல்வதுபோல்தான் சொன்னார்.

அவர் போன பிறகு அம்மாவிடம், "தெண்டம் போட்டா நீ கட்டிரும்மா" என்றேன்.

"நான் எதுக்குக் கட்டணும்? எம் பேருலயா எழுதியிருக்கு?" அம்மா குனிந்து, வெளியே கிடந்த என் கம்பளி உடுப்பை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். "நீயே வந்து கட்டு."

வெள்ளிக்கிழமை போகிறேன். கேள்வி கேட்காத ஊருக்குத்தான் போகிறேன்; அந்த ஆசை எனக்கு இன்னும் விட்டுப்போகவில்லை. ஆனால் இத்தனை வருடமும் நான் கனவு கண்டது திரும்பி வரத் தேவையே இல்லாத ஒரு போக்கை. அதை நீ கெடுத்துவிட்டாய். எந்தத் தேசத்தில் போய் எந்தக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாலும், நான் வந்து நின்று பதில் சொல்லவேண்டிய ஓர் ஊர் எனக்கு இருக்கிறது இனி. உன்னால் வந்த வினையடி.