ராயக்கோட்டை இறக்கத்தில் மின்சாரம்

வியாழன், இரவு பத்தரை. ஓசூர்.

இருபது வருடம் டீசல் எஞ்சின் ஓட்டியவன் நான். பயிற்சி முடித்து இன்றுதான் முதல் முறையாக வாப்-7 மின்சார எஞ்சினில் பயணிகள் வண்டியைத் தருமபுரிக்கு எடுத்துப் போனேன். ராயக்கோட்டை தாண்டி வரும் இறக்கத்தை நினைத்துக் காலையில் சாப்பிடவே முடியவில்லை.

டீசலில் அங்கே இறங்கும்போது பிரேக் கட்டைகள் சூடேறிக் கருகல் வாடை அடிக்கும். பின்னால் வரும் பெட்டிகளின் பாரமெல்லாம் என் முதுகில் ஏறியது போலிருக்கும்.

இன்று பிரேக் கைப்பிடியைத் தள்ளினேன். எஞ்சின் மெல்ல முனகியது, வண்டி அடங்கி வந்தது. வாடையே இல்லை. உதவி ஓட்டுநர் ரேவதி, தளி ஊர்க்காரப் பெண், திரையைக் காட்டினாள்.

"அந்த நம்பர் ஏறுது பாருங்க சார். நாம இறங்கறதுல உண்டாகிற கரண்டு மேல கம்பிக்கே திரும்பிப் போகுது."

"போயி?"

"எங்கயாச்சும் ஒரு வண்டி மேடு ஏறிட்டிருக்கும். அது எடுத்துக்கும்."

இத்தனை வருடம் நான் பயந்த பாரம், முகம் தெரியாத யாரையோ மேலே ஏற்றிவிடுகிறது. தருமபுரியில் இறங்கி எஞ்சின்மேல் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க தூக்கத்துல பிரேக்குனு நெனச்சு என் கையப் புடிச்சு இழுக்கறது இனி நிக்குமா?" என்றாள்.

இதை அவள் இதுவரை சொன்னதே இல்லை. இன்று தள்ளிப் படுக்கலாம் என்று நினைத்தேன். அவளோ கையை என் பக்கம் நீட்டி வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.