ஆறு மணி ரத்தம்

பிப்ரவரி 9

அன்புள்ள சிட்டுவுக்கு,

அக்கா எழுதுவது. எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் "இருக்கேன்" என்பாய். குழந்தை போய் ஆறு மாதம் ஆகிறது. போனில் பேச முடியவில்லை, எழுது என்றாய். எழுதுகிறேன். பரீட்சைக்குப் பிறகு நான் இவ்வளவு எழுதுவது இதுதான் முதல் தடவை, கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தான் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று கிளம்பியதில் மூன்று நாளாக வாளித் தண்ணீரில் குளிக்கிறோம்.

எங்கள் லேபுக்குப் புது மெஷின் வந்திருக்கிறது, பச்சைக் குழந்தைகளின் ரத்தத்துக்காகவே. இதுவரை சி.ஆர்.பி. ஒன்றைத்தான் நம்பியிருந்தோம். கிருமி ரத்தத்தில் கலந்தால் உயரும் புரதம் அது. ஆனால் உயரவே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இப்போது பார்க்கப்போவது அதற்கு முன்பே உயர்ந்துவிடுமாம். பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஒரு வரியாவது போடு.

உன் அக்கா

ஏப்ரல் 21

அக்காவுக்கு,

உன் ஐந்து கடிதங்களும் வந்தன. பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், துணி மடிக்கிறேன். அழுகை வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரி "பரவாயில்ல, தேறிட்டே" என்றாள். சரி என்றேன்.

ஒரு சேதி. எனக்கு மூன்று மாதம். அவருக்குச் சந்தோஷம்; என் முன்னால் காட்டிக்கொள்ளாமல் சமையலறைக்குள் போய்ச் சிரித்துக்கொள்கிறார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்தச் சாயங்காலம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. விடியலில் பிறந்தவள், மதியத்திலிருந்து பால் குடிக்கவில்லை. தூங்கிக்கொண்டே இருந்தாள். நர்ஸ் கேட்டபோது, "சமர்த்துங்க, அழவே மாட்டேங்கறா" என்று பெருமையாகச் சொன்னேன். அப்போது அவள் உடம்பில் கிருமி ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. பெற்றவளுக்குத் தெரியவில்லை. நான் அப்போதே கத்தியிருந்தால் பிழைத்திருப்பாள். இதை அவரிடம்கூடச் சொல்லவில்லை.

இந்தப் பிரசவத்துக்கும் உன் ஆஸ்பத்திரிக்கே வருகிறேன். குழந்தைக்கு ரத்தம் எடுப்பதென்றால் நீதான் எடுக்க வேண்டும். வேறு யாரையும் நம்ப மாட்டேன்.

சிட்டு

மே 2

சிட்டு,

உன் கடிதம் வந்து ஏழு நாள் ஆகிறது. நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். தப்பு உன் மேல் இல்லை. என் மேல்.

உனக்குப் பனிக்குடம் முன்னாலேயே உடைந்திருந்ததால், பாதுகாப்புக்காக அன்று காலை பதினொரு மணிக்கு அவள் ரத்தத்தை எடுத்தோம். நான்தான் எடுத்தேன். சி.ஆர்.பி. 3. பத்துக்குக் கீழே இருந்தால் நல்ல எண். "உன் பொண்ணு ரத்தம் சுத்தத் தங்கம்டி" என்று உன் கட்டிலுக்கே வந்து சொன்னேன். அவ்வளவு சீக்கிரம் எடுத்தால் அந்த எண்ணை நம்பக்கூடாது. இருபது வருஷமாக எனக்குத் தெரிந்த விஷயம். அதனால்தான் ஆறு மணிக்கு இன்னொரு தடவை எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். ஏறியிருந்தால் உடனே மருந்து தொடங்கியிருப்பார்கள்.

ஆறு மணிக்கு நர்ஸ் போன் செய்தாள். "அக்கா, உங்க தங்கச்சி குழந்தைக்கு ரெண்டாவது பிளட் எடுக்கணும், வர்றீங்களா?"

"காலையிலதானேம்மா நல்லா இருந்துச்சு. பிஞ்சுக் குதிகாலு, ரத்தம் வராம அப்பவே மூணு தடவை குத்தியாச்சு. விடு, நாளைக்குக் காலையில எடுத்துக்கலாம். டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றேன். டாக்டரிடம் சொல்லவில்லை. வேறு யார் குழந்தை என்றாலும் ஓடிப்போய் எடுத்திருப்பேன். உன் குழந்தை என்பதால் மனசு வரவில்லை.

மறுநாள் காலை 118. அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும்.

நேற்று டாக்டரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். விசாரணை வரும், அதுவரை குழந்தைகள் வார்டுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. நீ பழியைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அக்கா

நவம்பர் 4

அக்காவுக்கு,

பையன். பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. இந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே பெற்றுக்கொண்டேன்.

அவனுக்கும் ரத்தம் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண் வந்து எடுத்தாள். இரண்டாம் தடவை வந்தபோது அலறித் தீர்த்துவிட்டான். அவர்தான் தாங்கமாட்டாமல், "பாவம், போதும்னு சொல்லேன்" என்றார். "எடுங்க" என்றேன். அவன் காலை நானே பிடித்துக்கொண்டேன். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறான்.

உன் கடிதத்தைப் படித்த அன்று கோபம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அவளைக் குத்த உனக்கு மனசு வரவில்லை என்பது புரிகிறது. புரிந்தும் ஒன்றும் ஆகவில்லை. சமர்த்து என்று நான் சொன்னதும் என்னை விட்டுப் போகவில்லை. இப்போது இரண்டும் இருக்கிறது.

நீ அனுப்பிய சட்டைகள் வந்தன. நீலத்தைப் போட்டுவிட்டேன், கொஞ்சம் பெரிது. பார்க்க வரட்டுமா என்று கேட்டிருந்தாய். வர வேண்டாம். உன்னைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் நானே எழுதுகிறேன். தோன்றுகிறதா என்று தினமும் பார்க்கிறேன் அக்கா. இன்றைக்கும் தோன்றவில்லை.

சிட்டு