முடிந்தது, கிளம்புகிறேன்

பிப்ரவரி 4

அவசரக்குடுக்கைக்கு,

இப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. எட்டு வருஷம் கழித்து எழுதுகிறேன், வேறு எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை. நலம்தானே? நீ போனை எடுப்பதில்லை. கம்பெனி மெயிலையோ வக்கீல் படிக்கிறார். அதனால்தான் காகிதம்.

செய்தியில் பார்த்திருப்பாய். அஸ்திவாரக் குழி தோண்டிய இடத்தில் பக்கத்துத் தையல் கடையின் சுவர் விழுந்துவிட்டது. தையல்காரர் மெஷினில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். குழியில் ஊறிய தண்ணீரை பம்பு வைத்து இறைத்ததில் மண் இறங்கியிருக்கிறது. எவ்வளவு இறங்கும் என்று கணக்குச் சொன்னது நீயும் நானும் எழுதிய புரோகிராம். நாலு மில்லிமீட்டர் என்றது. இறங்கியது முப்பத்தொன்று. அதை நம்பிய சைட் இன்ஜினியரை வேலையிலிருந்து நிறுத்தி, கேஸும் போட்டிருக்கிறார்கள். பாவம் அந்தப் பெண்.

நேற்று அந்தப் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். ஜன்னல் பக்கம் நீ, கதவுப் பக்கம் நான் உட்கார்ந்து எழுதியது. குழியின் விளிம்பை நெருங்க நெருங்க சூத்திரத்தில் வரும் மடக்கை, அதான் லாக், பாதாளத்துக்குப் போகும், விளிம்பிலேயே நின்று கேட்டால் கம்ப்யூட்டர் திணறிப்போகும். ஆனால் மொத்தமாகக் கூட்டினால் அளவோடுதான் வரும். அதனால் நெருங்கிய இடங்களில் மட்டும் நீ அந்த மடக்கையைக் கழித்துவிடுவாய், மிச்சத்தை கம்ப்யூட்டர் கூட்டும். நீ கழித்ததை நான் காகிதத்தில் கணக்குப் போட்டுக் கடைசியில் திரும்பச் சேர்க்க வேண்டும். "அவர் கழிப்பாரு, இவங்க கூட்டுவாங்க, வீட்லயும் இப்படித்தானா?" என்று ஆபீசே கிண்டல் பண்ணும்.

நீ கழித்திருக்கிறாய். என் வரிகள் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. ஆனால் சரிபார்ப்புப் பட்டியலில் 'திரும்பச் சேர்த்தாயிற்று' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறது. அது உன் டிக். ஏன் போட்டாய்?

புள்ளி


பிப்ரவரி 11

புள்ளிக்கு,

எட்டு வருஷத்துக்கு அப்புறம் ஒரு கடுதாசி, அதுவும் விசாரணைக் கடுதாசி! பரவாயில்லை, கையெழுத்து மாறவில்லை. தசமப் புள்ளியை இன்னமும் அழுத்தித்தான் வைக்கிறாய், பேர் வைத்தவன் சும்மா வைக்கவில்லை. எனக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, அதனால்தான் போனை எடுப்பதில்லை. உன் அம்மா எப்படி இருக்காங்க?

ஏன் டிக் போட்டாய் என்று என்னையா கேட்கிறாய்? நீ சொல்லித்தானே போட்டேன்! கடைசி நாள் என் கீபோர்டு மேல் நீயேதானே சீட்டு வைத்துவிட்டுப் போனாய்: 'முடிந்தது. கிளம்புகிறேன்.' அது இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? "அம்மா ஆஸ்பத்திரியில இருக்கும்போதும் வேலையை முடிச்சுட்டுத்தான் போயிருக்கா பாருங்க" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். நீ முடிந்தது என்றால் முடிந்ததுதான் என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. பழைய பத்து சோதனைகளும் சரியாக வந்தன. பத்துமே குழிக்குத் தூரத்தில் இருந்த இடங்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

சீட்டைப் பற்றி வக்கீலிடம் சொன்னேன். "அதைக் கொடுங்க சார், நீங்க தப்பிச்சிடலாம்" என்கிறார். நீயே சொல், நான் என்ன செய்யட்டும்?

அ.கு.


பிப்ரவரி 17

அம்மா போன வருஷம் போய்விட்டாள். உனக்குச் சொல்லியனுப்ப மனசு வரவில்லை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் அழுகை வந்தது. அந்தச் சீட்டில் நான் வேலையைப் பற்றி எழுதவில்லை. அம்மா படுத்த முதல் பதினோரு நாளில் நீ வந்தது ஒரே ஒரு நாள், அன்றைக்கும் மடியில் லேப்டாப். பன்னிரண்டாம் நாள் உன்னிடம் பேசத்தான் ஆபீசுக்கு வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீட்டிங்கில் இருந்தாய். என்னைப் பார்த்து, ஐந்து நிமிஷம் என்று விரலைக் காட்டினாய். முக்கால் மணி நேரம் நின்றேன். அப்புறம்தான் எழுதினேன். நம்மைப் பற்றி எழுதினேன். அடப்பாவி, அதை வேலை என்று படிப்பாய் என்று யாருக்குத் தெரியும்!

நீ ஓடி வருவாய், சண்டையாவது போடுவாய் என்று ஒரு வாரம் ஆஸ்பத்திரி லிஃப்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. சரி, அவனுக்கும் முடிந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

என் வரிகள் நோட்டில் பாதி எழுதியபடி இருந்தன. மீதியை நீ பார்த்துக்கொள்வாய் என்று விட்டுவிட்டதாக எழுதலாம். அது பொய். எனக்கு அந்த ஞாபகமே வரவில்லை. ஒரு ஆள் உயிர் போகும் வரைக்கும் வரவில்லை.

புள்ளி


பிப்ரவரி 24

என் புள்ளிக்கு,

என்னை என்ன திட்டினாலும் தகும். அந்த விரலை நான் காட்டியது ஞாபகம் இருக்கிறது. வெளியே வந்தபோது சீட்டுதான் இருந்தது. வேலையெல்லாம் ஓய்ந்து பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அம்மாவை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். அப்புறம் உன் அண்ணன் வந்து உன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். என்ன கோபம் என்று கேட்க எனக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

சோதிக்காமல் டிக் போட்டவன் நான் என்று விசாரணைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். சீட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். சீட்டு இதோடு இருக்கிறது, கிழித்துப் போட்டுவிடு. உன் பேர் இனி எங்கும் வராது.

ஒன்று கேட்கிறேன். நான் தப்பாகப் படித்ததால்தானே எட்டு வருஷம் போயிற்று? அதைத் திரும்பச் சேர்க்க முடியாதா? நீதானே கூட்டுகிறவள்.

அ.கு.


மார்ச் 5

அவசரக்குடுக்கைக்கு,

சீட்டைக் கிழிக்கவில்லை. குழுவிடம் கொடுத்தேன்.

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "என்னம்மா முடிஞ்சுது, வேலையா?" என்றார். "இல்லைங்க, எங்க கல்யாணம்" என்றேன். டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "இதையும் அடிக்கணுமா சார்?" என்று கேட்டார். "அடிங்க" என்று நானே சொன்னேன். வேலையை நான் முடிக்கவே இல்லை என்பதையும் அடிக்கச் சொன்னேன். சைட் இன்ஜினியர் மேல் போட்ட கேஸை எடுத்துவிடுவார்கள். அந்தப் பெண் வெளியே பெஞ்சில் இருந்தாள். தலை நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. நீயும் நானும் இனி இந்த வேலை பார்க்க முடியாது என்று நினைக்கிறேன்.

தையல்காரரின் மனைவியும் உள்ளே உட்கார்ந்திருந்தார். அதுவரை வாயே திறக்காதவர், நான் எழுந்தபோது கேட்டார். "உங்க ரெண்டு பேர் சண்டைக்கு எங்க வீட்டுக்காரரா கெடைச்சாரு?" கத்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி கேட்டார்.

நீ கேட்டதைப் படித்தபோது, வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ காத்திருந்தாய், நானும் காத்திருந்தேன், அதெல்லாம் நிஜம். ஆனால் அந்த அம்மாவைப் பார்த்த பிறகு உன் எதிரே உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட என்னால் முடியாது. உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குரல்தான் கேட்கும்.

பாதியில் நின்ற பதினாலு வரிகளையும் எழுதிவிட்டேன். சுவர் இருந்த அதே இடத்தில் வைத்துச் சோதித்தேன், முப்பது வருகிறது. நீயும் ஒரு தடவை போட்டுப் பார், என்னை நம்பி விட்டுவிடாதே.

இந்தத் தடவை தப்பாகப் படிக்காமலிருக்க இரண்டையும் தனித்தனியாக எழுதுகிறேன். வேலை முடிந்தது. நமக்குள் இருந்ததும் முடிந்தது. காதை டாக்டரிடம் காட்டு, அப்படியே விட்டுவிடாதே.

கிளம்புகிறேன்.

புள்ளி