வார்டில் அக்கா கிடையாது

மேடம் அவர்களுக்கு,

இனி இப்படித்தான். வீட்டிலும் இப்படிக் கூப்பிட்டால் அம்மா பதறுவாள் என்பதால்தான் உன்னோடு பேசுவதையே விட்டுவிட்டேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அக்கறையாக விசாரிப்பதுபோல் நடிக்காதே.

நீ தலைமை நர்ஸ். நான் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்து முழுதாக ஒரு மாதம் ஆகவில்லை. அன்றைக்கு வார்டில் ஆறாம் கட்டில் பெரியவருக்கு மூச்சுத் திணறி உதடு நீலமாகிறது. ஆக்சிஜனைத் திறந்துதான் வைத்திருக்கிறேன், ஏன் ஏறவில்லை என்று புரியவில்லை. எதிர்க் கட்டில்காரரின் மகள் டிரிப் தீர்ந்துவிட்டதென்று என் கையைப் பிடித்து இழுக்கிறாள். "அக்கா, சீக்கிரம் வா!" என்று கத்தினேன்.

நீ வாசலிலேயே நின்றாய். "இங்க அக்கா தங்கச்சியெல்லாம் கெடையாது. மேடம்னு கூப்பிடு."

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் உள்ளே வந்தாய். அவர் முதுகுக்கடியில் மடங்கிக் கிடந்த ஆக்சிஜன் குழாயை ஒரே இழுப்பில் நேராக்கிவிட்டாய். கெட்டிக்காரிதான், யார் இல்லையென்றது? மூச்சு வந்ததும் பெரியவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "அது உன் கூடப் பொறந்ததா? பாவம்மா நீ."

வார்டே சிரித்தது. நான் எதிர்க் கட்டிலின் டிரிப்பை மாற்றப் போனேன்.

அடுத்த வாரம் ஹாஸ்டலுக்குப் போகிறேன். அம்மாவைத் தூது அனுப்பாதே.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். மற்ற நேரமெல்லாம் மேடம் என்றே கூப்பிடுகிறேன். ஆனால் கண்ணெதிரே ஓர் உயிர் ஊசலாடினால் என் வாயில் அக்கா என்றுதான் வரும். அப்போது முதலில் வந்து தொலை. திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
வார்டில் உனக்கு யாருமல்லாதவள்