ஆள் மாறிய கப்பல்கள்

ராயபுரம்,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கௌசர் எழுதுகிறேன். நலமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. கேட்டால் 'நலம்' என்று ஒரே வார்த்தையில் பதில் வரும், அதை நம்பிவிட்ட மாதிரி நானும் நடிக்க வேண்டும். இங்கே நானும் பாப்பா ஃபிர்தௌஸும் சௌக்கியம்.

கப்பலில் கரண்ட் நின்று ஐந்து மாதமாகிறது, உங்கள் போனும் செத்துக் கிடக்கிறது. குடிதண்ணீர் கொண்டுவரும் படகுக்காரரிடம் கொடுத்தனுப்புவதாகக் கப்பல் ஏஜென்ட் சொன்னதால், இதையும் பேனா பிடித்தே எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

கப்பலிலிருந்து இப்போதுதான் ஊர் திரும்பிய உங்கள் சமையல்காரர் இசக்கிப்பாண்டி தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார். பாப்பாவுக்கு ஒரு டப்பா மக்ரூன் கொண்டுவந்தார். சார் நல்லா இருக்காரு என்று டீ குடித்து முடிப்பதற்குள் மூன்று முறை சொன்னார். படியிறங்கும்போதுதான் உண்மை வந்தது. "காலையில எந்திரிச்சதும் மேல போயி சுக்கான் பக்கத்துல நிக்காரு மதினி. கப்பல் ஓடுத மாதிரியே நிக்காரு" என்றார். அவர் போன பிறகு அந்த டீ கிளாஸை எத்தனை தடவை கழுவினேன் என்று எனக்கே தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். அதையும் எழுதிவிடுகிறேன்.

சரி, இந்த வாரத்து அதிசயம். முன்பெல்லாம் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அந்த ஊர் அதிசயம் ஒன்றைத் தேடிப் பிடித்து எனக்கு எழுதுவீர்கள். இப்போது நீங்கள் நங்கூரம் போட்ட இடத்தில் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லாததால், தேடுகிற வேலை என் தலையில். போன வாரம் நம் ரயில் ஸ்டேஷனைப் பற்றி எழுதினேன். இந்தத் தடவை பார்சி கோயில். அதைத் தாண்டி எத்தனை தடவை மீன் வாங்கப் போயிருப்போம்! உள்ளே நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு நெருப்பு அணையாமல் எரிகிறதாம். மற்றவர்கள் உள்ளே போகக் கூடாது, அதனால் எதிர்ப்பக்கம் நின்று சுவரைத்தான் பார்த்தேன். அங்கே பூ விற்கிற நீலா அக்காவிடம், நூறு வருஷம் எப்படி அணையாமல் இருக்கும் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னாம்மா நீ, ஒரே ஆளா நின்னுகினு கீறாரு? ஒர்த்தரு போனா இன்னொர்த்தரு வந்து பாத்துப்பாரு" என்றார்.

வீட்டுக்கு வருகிற வரைக்கும் அதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணமான புதிதில் நீங்கள் சொன்ன சூயஸ் கால்வாய்க் கதை ஞாபகம் வந்தது. அறுபத்தேழில் சண்டை வந்து கால்வாயை மூடியதும், நடுவில் இருந்த ஏரியில் பதினாலு கப்பல்கள் மாட்டிக்கொண்டு எட்டு வருஷம் நின்றன என்பீர்களே. கப்பல்காரர்கள் தாங்களே தபால்தலை வரைந்ததையும், ஒலிம்பிக்ஸ் மாதிரி போட்டி நடத்தியதையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். எட்டு வருஷமும் அதே ஆட்கள்தான் இருந்தார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இன்றைக்குத் தேடிப் படித்தேன். இல்லையாம். கப்பல்கள்தான் நின்றன. ஆட்களை மாற்றி மாற்றி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கதையில் முக்கியமான இடத்தை மட்டும் எனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

உங்கள் மேல் குற்றம் சொல்லவில்லை. கேப்டனுக்கு அடுத்த ஆபீசராக அரிசி மூட்டைக்கும் டீசலுக்கும் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை. கேப்டன் கரைக்குப் போயிருந்த நேரத்தில் முதலாளியின் கடனுக்காகக் கப்பலைப் பிடிக்க வந்த கோர்ட் ஆள் நீட்டிய பேப்பரிலும் படிக்காமல் கப்பல் முத்திரையைக் குத்திவிட்டீர்கள். கப்பல் விலைபோகிற வரைக்கும் காவல் நீங்கள்தான் என்று அதில் எழுதியிருந்தது. முதலாளி கைவிட்ட கப்பலை யார் வாங்குவார்கள்? எல்லோரும் ஊர் வந்து சேர்ந்தார்கள், நீங்கள் மட்டும் அங்கே.

மாலுமிகள் சங்கத்து தேவப்பிரியம் அண்ணன் நீங்கள் நிற்கிற ஊர் கோர்ட்டில் பேசியதில், உள்ளூர் காவலாளி ஒருவரை உங்கள் இடத்தில் வைக்க ஒத்துக்கொண்டார்கள். நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. இரண்டு தடவை அனுப்பிய படிவமும் கையெழுத்தில்லாமலேயே திரும்பி வந்தது. ஒரு கையெழுத்தால் பட்டது போதும், இனி எதிலும் போடமாட்டேன் என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அதைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தை ராயபுரமே கேட்டிருக்கும்.

அதனால் இந்தத் தடவை நானே சங்க ஆபீசில் போய் உட்கார்ந்தேன். படிவத்தின் மூன்று பக்கத்தையும் ஒரு வரி விடாமல் தேவப்பிரியம் அண்ணனைப் படிக்க வைத்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் எழுதிக்கொண்டேன். 'பொறுப்பு' என்ற சொல் வந்த நான்கு இடத்திலும் இரண்டு தடவை அர்த்தம் கேட்டேன். நான்கிலும் அந்தக் காவலாளியின் பெயர்தான் இருக்கிறது, உங்கள் பெயர் இல்லை. படிவத்தையும் நான் எழுதியதையும் இதோடு வைத்திருக்கிறேன். என்னை நம்ப வேண்டாம், நீங்களே ஒத்துப் பாருங்கள்.

பாப்பாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் வைத்திருந்தேன். அவளுடைய நாலாவது மாதத்தில் போனீர்கள், இப்போது மூன்றரை வயது. காசிமேட்டுக்குப் போனால் தூரத்தில் நிற்கும் கப்பல்களில் அத்தா கப்பல் எது என்று கேட்பாள். ஒரு நாள் சமாளிக்க முடியாமல் ஒன்றைக் காட்டிவிட்டேன். தினமும் அதற்குக் கை ஆட்டினாள். போன வியாழக்கிழமை அது கிளம்பிப் போய்விட்டது. அத்தா ஏன் சொல்லாமப் போயிட்டாங்க என்று கேட்டாள். நான் அவசரமாக இன்னொரு கப்பலைக் காட்டினேன். அதற்கு அவள் கை ஆட்டவில்லை.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறேன், அந்த இடத்தில்தான் கையெழுத்து. நன்றாகப் படித்துவிட்டுப் போடுங்கள். கப்பல் முத்திரை வேண்டாம் மச்சான். உங்கள் பெயர் மட்டும் போதும்.

என்றும் உங்கள்,
கௌசர்