சவரி அண்ணன் கட்டின நட்சத்திரம்

அம்மாவுக்கு வீரமணி எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். உன் முட்டிவலி எப்படி இருக்கு?

போன்ல பேசினா ரூம்ல கேட்டுடும். அதான் லீவுல வர்ற வேப்பந்தட்டைக்காரர்கிட்ட இதைக் குடுத்து விடுறேன்.

என்கூட தங்கியிருக்கிற ஏலாக்குறிச்சி சவரி அண்ணன் கிறிஸ்மஸுக்கு நட்சத்திரம் செஞ்சாரு. துபாயில மூங்கிலுக்கு எங்க போறது? பேக்கிங் பலகையைச் சிம்பாக் கிழிச்சு, சிமெண்டு மூட்டைக் காகிதத்தை ஒட்டினோம். அவரு மகனுக்குப் பாட்டில் மூடியில சக்கரம் வச்சு ஒரு வண்டியும் செஞ்சாரு.

பாதி வேலையில அவரு சம்சாரம் எனக்குப் போன் பண்ணுச்சு. அண்ணனோட அப்பா செத்து, அடக்கமும் முடிஞ்சுடுச்சாம். "கம்பெனியில லீவு குடுக்க மாட்டாங்க. அங்க தனியா அழுதுக்கிட்டு கெடப்பாரு. பண்டிகை முடியட்டும், சொல்லாதீங்க தம்பி"ன்னுச்சு.

சாவு விழுந்த வூட்டுல அந்த வருஷம் அவங்க நட்சத்திரம் கட்ட மாட்டாங்கம்மா. நான் பசையைத் தொடாம உக்காந்திருந்தேன்.

"ஏன்டா, கார்த்திகைக்கு உன்கூட நான் வெளக்கு ஏத்தல? இதுக்கு மட்டும் கை வலிக்குதா?"ன்னு சிரிச்சாரு.

கடைசியில நான்தான் கயித்தைப் புடிச்சேன். அவரு ஏறிக் கட்டி, லைட்டைப் போட்டுட்டு, "எங்கப்பனுக்கு அனுப்பணும், ஒரு போட்டோ எடுடா"ன்னாரு. எடுத்தேன்.

வேப்பந்தட்டைக்காரரு திரும்பி வர்றப்ப வெங்காய வடகம் குடுத்து விடு. அப்புறம், நான் போன் பண்றப்பல்லாம் அப்பா காட்டுக்குப் போயிருக்காருங்கிற. ராத்திரியிலயுமா போவாரு? அடுத்த தடவை போனை அவருகிட்ட குடும்மா. காலேஜை விட்டதுக்கு என்னை இன்னொரு தடவை திட்டச் சொல்லு, அது போதும்.

வேலைக்கு வண்டி வந்துடுச்சு.

வீரமணி